பேஸ் கிதாரும் இரண்டு பெட்டிகளும்

நாளைக்கு மாதா கோவில் திருவிழா. தோட்டத்து ஜனமே குதித்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வயது அன்னமேரிக்கு மட்டும் கவலை.

காரணம் பங்குச்சாமி. மத்தியானம் பாட்டுப் பயிற்சியின்போது கோவிலுக்குள் வந்தவர், அவள் வாசித்ததைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்.

"இது கிதாரா, கல்லு உடைக்கிற மிஷினா? ஜன்னல் கண்ணாடி எல்லாம் கடகடங்குது. சாயங்காலம் மறுபடி வருவேன். அப்பவும் இப்படியே இருந்தா, நாளைக்குப் பூசையில இது கிடையாது!"

இது நடந்தது 1978இல், மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அந்தக் கோவிலுக்குள் பேஸ் கிதார் வந்தது அதுதான் முதல் தடவை. நாலே கம்பி, நாலும் தடிமன். பாட்டுக்கு அடியில் நின்று தாங்குகிற குரல் அதற்கு. ஃபாக்டரியில் வேலை பார்க்கும் அண்ணன் இன்னாசிராஜ்தான் அதை வாங்கி வந்தான். ஆனால் அவன் ஆர்மோனியம் வாசிக்க வேண்டுமே! "அப்ப இத நான் வாசிக்கிறேன்" என்று அன்னமேரி பிடித்துக்கொண்டாள். கிதார் கிட்டத்தட்ட அவள் உயரம் இருந்தது. அதனால் என்ன? மூன்று மாதமாக, விரல் காய்த்துப்போகும் அளவுக்குப் பழகியிருந்தாள்.

கிதாரின் ஒலி மெல்லியது. அது நேரே ஆம்ப்ளிஃபயருக்குப் போகாது. வழியில் ப்ரீஆம்ப் என்று ஒரு சின்னப் பெட்டி. காலால் மிதித்தால் அது வேலை செய்யத் தொடங்கும். ஒலியைத் திடப்படுத்தி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும்.

மூணாறு ரேடியோ மெக்கானிக் கருத்தப்பாண்டி அப்படி இரண்டு பெட்டிகள் செய்து கொடுத்திருந்தார். "ரெண்டையும் வாசிச்சுப் பாருங்க. பிடிச்சத வச்சுக்கிட்டு மத்ததத் திருப்பிக் குடுங்க" என்று சொல்லியிருந்தார். சிவப்புப் பெட்டியில் திருகுவதற்கு இரண்டே குமிழ்கள்: ஒன்று சத்தம், ஒன்று அடிக்குரல். சாம்பல் பெட்டியில் அவற்றோடு நடுக்குரலுக்கும் மேல்குரலுக்கும் தனித்தனிக் குமிழ்கள் உண்டு.

"பேஸுன்னா அதிரணும் புள்ள! செவப்புதான்" என்றான் அண்ணன்.

அன்னமேரிக்கும் சிவப்புதான் பிடித்தது. ஆனாலும் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் நின்ற அவளுக்கு அந்த அதிர்வு போதவில்லை. அடிக்குரல் குமிழைக் கடைசிவரை திருகி வைத்திருந்தாள். இதைப் போய்க் கல் உடைக்கிற மிஷின் என்கிறாரே சாமி!

அப்போது ஏழு வயது மிக்கேல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தான். திருவிழாப் பாட்டின் முதல் அடிகளைத் தனியாகப் பாடப்போகிறவன் அவன்தான்.

"அக்கா, நாளைக்கு நான் பாடல."

"ஏன்டா?"

"அம்மா பின்வரிசையில தரையத் தொடச்சுக்கிட்டு இருந்துச்சுல்ல? என் வாய் மட்டுந்தான் அசையுதாம். பாட்டே கேக்கலியாம். சவுண்டு போன சினிமா மாதிரி இருந்துச்சாம்."

அன்னமேரிக்குச் சுருக்கென்றது. பாவம், ஒரு மாதமாகத் தூங்கும்போதுகூட அதே பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிற பிள்ளை. அவளுக்குப் பக்கத்தில் நின்றுதானே பாடினான்? அவளுக்கு நன்றாகக் கேட்டதே! பின்னால் மட்டும் எப்படிக் கேட்காமல் போகும்?

"அண்ணே, கிதாரப் பிடி. நான் பின்னாடி போய்க் கேக்குறேன்."

"எனக்கு இத வாசிக்கத் தெரியாதே!"

"வாசிக்க வேண்டாம். ஒரு கம்பிய மட்டும் தட்டிக்கிட்டே இரு. டேய் மிக்கேல், நீ பாடு."

அவள் நடக்க நடக்கச் சத்தம் பெருத்தது. நடுக்கோவிலில் காது அடைத்தது. கடைசி வரிசைக்குப் போனதும் பின்சுவரில் மோதித் திரும்பிய சத்தமும் சேர்ந்து, தரை வழியாக ஏறி நெஞ்சை இடித்தது. மிக்கேலின் வாய் திறந்தது, மூடியது. அவ்வளவுதான்.

"அடப்பாவமே! அங்க நின்னுக்கிட்டுப் பத்தல பத்தலன்னு நான் திருகுனது அத்தனையும் இங்க வந்து இடிக்குதே!"

வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. சாமி பாவம், உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார்.

"அண்ணே, அடிக்குரலக் கொற!"

குறைத்தான். இரைச்சல் போனது. கூடவே கிதாரும் போர்வைக்குள் புகுந்துகொண்ட மாதிரி மங்கிவிட்டது. சிவப்புப் பெட்டியில் அதற்குமேல் திருப்ப ஒன்றுமில்லை.

"சாம்பல் பெட்டிய மாட்டு. அடிக்குரல் கொஞ்சமா இருக்கட்டும். நடுக்குரலக் கொஞ்சம் கூட்டு."

இப்போது ஒவ்வொரு தட்டும் தனித்தனியாக, தெளிவாகக் கேட்டது. ஆனாலும் மூலையிலிருந்து லேசாக ஒரு உறுமல். ஆம்ப்ளிஃபயர் அங்கே இரண்டு சுவர்களை ஒட்டி உட்கார்ந்திருந்தது; சுவர்கள் அதன் அடிக்குரலைப் பெருக்கின. மிக்கேலின் அம்மா செபமாலையம்மாளும் வந்து கைகொடுக்க, அதை மூலையிலிருந்து நகர்த்தி ஒரு பெஞ்சுமேல் ஏற்றினார்கள். உறுமல் அடங்கியது.

"அட, இப்ப எம்மவன் குரலு கேக்குது!" என்றார் மறுபடி பின்னால் போய் நின்ற செபமாலையம்மாள். மிக்கேல் மூக்கு உறிஞ்சுவதை நிறுத்திவிட்டான்.

அண்ணனுக்குத்தான் மனசு ஆறவில்லை. "இங்க கொசு மொனங்குற மாதிரி இருக்கே!"

"நீயும் பின்னாடி வந்து கேளு."

போனான். கேட்டான். தலையைச் சொறிந்தான். ஆர்மோனியத்துக்குத் திரும்பினான்.

சாயங்காலம் சாமி வந்தார். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.

மிக்கேல் தொடங்கினான். மூன்றாவது அடியில் பேஸ் கிதார் மெல்லச் சேர்ந்தது. பக்கத்தில் நின்ற அன்னமேரிக்குச் சத்தம் பத்தவில்லை. குமிழைத் திருகக் கை துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். பாடகர் குழு மொத்தமும் சேர்ந்து பாடத் தொடங்கிய நேரத்தில் சாமி சட்டென்று எழுந்து நின்றார்.

போச்சு! அன்னமேரியின் விரல்கள் கம்பிமேல் உறைந்துவிட்டன. அவ்வளவுதான், பாட்டு தள்ளாடியது. ஒருவர் முந்தினார், ஒருவர் பிந்தினார்.

"ஏம்மா நிறுத்துன?" பின்னாலிருந்து சாமி கத்தினார்.

"நீங்க... எந்திரிச்சீங்களே சாமி..."

"கால் மரத்துப்போச்சு, எந்திரிச்சேன். அதுக்கு நிறுத்துவாங்களா? நல்லாப் போய்க்கிட்டு இருந்துச்சு. நீ விட்டதும் எல்லாம் ஆளுக்கொரு பக்கம் ஓடுது பாரு! வாசிம்மா, வாசி!"

அன்னமேரி மத்தியானத்திலிருந்து பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டாள். மிக்கேல் முதலிலிருந்து தொடங்கினான். பாட்டு முடியும்வரை சாமி உட்காரவே இல்லை. நின்றபடியே, மரத்துப்போன காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.