எடைமேடையில் ஒரு நீலத்திரை

"அண்ணா, மொதல்ல அந்த லாரிய கொஞ்சம் பின்னால எடுக்கச் சொல்லுங்க... ஒரே பொக, கண்ணு எரியுது."

குரல் மழைக்கோட்டுக்குள்ளிருந்து வந்தது. எபினேசர் திரும்பிப் பார்த்தான். எடைமேடைக் கேபின் வாசலில் தோளில் கறுப்புப் பையோடு, சொட்டச் சொட்ட ஒரு பெண். கோட்டின் தொப்பியைப் பின்னால் தள்ளினாள். கழுவி வைத்த புளியங்கொட்டை மாதிரி இரண்டு கண்கள்... அவன் லாரியை மறந்தே போனான்.

"கம்ப்யூட்டரு படுத்துக்கிச்சின்னு போன் பண்ணீங்களே. பஜார் சர்வீஸ் கடையிலேர்ந்து வரேன். செண்பகம்."

"ஆள் அனுப்பறோம்னு சொன்னாங்க..."

"நான் ஆளு தான். பாத்தா தெரியலியா?"

அவனுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவசரமாக எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான். அது சக்கரம் வைத்த நாற்காலி. நேராகப் போய் அவள் முட்டியில் இடித்தது.

"நல்ல வரவேற்புங்க" என்றாள் அவள், முட்டியைத் தேய்த்துக்கொண்டே.

கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கிற மில் அது. இரும்பு ஏற்றி வரும் லாரிகள் எல்லாம் முதலில் வாசலில் இருக்கும் எடைமேடை மீது ஏறி நிற்க வேண்டும். பக்கத்துக் கேபினில் எடைப்பெட்டி எண்ணைக் காட்டும். அந்த எண் ஒரு ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் போய்ச் சீட்டாக வெளியே வரும். லாரி நம்பரை அடித்து, சீட்டைக் கிழித்துக் கொடுப்பதுதான் எபினேசரின் வேலை.

இந்த நாற்காலிக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன் பதினைந்து வருஷம் யார்டில் இரும்பு இறக்கினான். துரு பிடித்த தகடு கிழிக்காத இடம் அவன் கையில் இல்லை. முப்பது வயதில், கவரைப்பேட்டை சர்ச் ஹாலில், பேரன் பேத்தி எடுத்தவர்களோடு உட்கார்ந்து 'அ' எழுதக் கற்றான். தமிழ் மெல்ல மெல்ல வந்துவிட்டது. இங்கிலீஷில் லாரியின் நம்பர் பலகையில் இருக்கும் பெரிய எழுத்துகள் மட்டும் தெரியும். இந்த வேலைக்கு அது போதும். சின்ன எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. தெரியாது என்பது மில்லில் யாருக்கும் தெரியாது.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வாரம் ஒரு காலையில் கம்ப்யூட்டர் தானாகவே ஏதோ அப்டேட் போட்டுக்கொண்டது. அன்றைக்குப் பிடித்தது பேஜாரு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்... திடீரென்று திரை முழுக்க நீலமாகும். வெள்ளையாகக் கொஞ்சம் எழுத்து வரும். ஓரத்தில் எண் ஏறும், நூறு ஆனதும் அணைந்து மறுபடி முதலிலிருந்து எழும். போட்ட எடை போய்விடும். ஏறின லாரி இறங்கி மறுபடி ஏற வேண்டும். ஒரு நாள் மூன்றாவது லாரிக்கே விழும். இன்னொரு நாள் முப்பது லாரி ஏறினாலும் கல்லு மாதிரி நிற்கும். ஏன் விழுகிறது, எதற்கு எழுகிறது... ஒன்றும் விளங்கவில்லை.

சூப்பர்வைசர் துளசிராமனுக்கு மட்டும் விளங்கிவிட்டது. "நீ இன்னாத்தடா அமுத்தன?" என்று தினம் நான்கு தடவை கேட்டார்.

"அண்ணா, இத இப்ப தொறக்கலாமா?" என்று செண்பகம் கேட்டதும், எபினேசர் குனிந்து எடைப்பெட்டியின் ஒயரைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கினான். மில்லின் சட்டம் அது. வெளியாள் கம்ப்யூட்டரில் கை வைத்தால் ஒயர் கழன்றிருக்க வேண்டும், எடையில் யாரும் விளையாடிவிடக் கூடாது. அதுவரை எண்ணைக் கண்ணால் பார்த்து நோட்டில் எழுதுவார்கள்.

அவள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அந்த அப்டேட்டை எடுத்துவிட்டாள். கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட விழவில்லை. "அவ்ளோதான்" என்று பையை மாட்டிக்கொண்டு போனாள். மிஷினைக் குளிர்விக்கும் கூலண்ட் வாடையும் இரும்புத் தூளும் மட்டுமே தெரிந்த கேபினில், மழையில் நனைந்த மல்லிப்பூ வாசம் ஒன்று கொஞ்ச நேரம் நின்றது.

மறுநாள் அப்டேட் தானே திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. நீலம் வந்தது. நாற்காலி போய்விடும் என்று எபினேசருக்குப் பயம் வந்தது. கூடவே... ச்சே, இது என்ன, உள்ளே எங்கேயோ ஒரு சந்தோஷம். வேலை போகப் போகிறவனுக்குச் சந்தோஷம் வருமா? காய்ச்சலோ என்று கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

இரண்டாவது தடவை வந்து உள்ளே ஒரு பாகத்தையே மாற்றினாள். டீ வாங்கிக் கொடுத்தான். மழை தகரக் கூரை மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

"எந்த ஊரு மேடம்?"

"ஊத்துக்கோட்டை. தெனம் பஸ்தான். எங்க நைனாவுக்கு நான் இந்த வேலைக்கி வரதே புடிக்கல. ஸ்க்ரூ டிரைவர் புடிக்கிற பொண்ண எவன் கட்டுவான்னு கத்திக்கினே இருப்பாரு."

"ஏன், கட்டுனா இன்னா?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே உறைத்தது. அவள் டம்ளரின் விளிம்புக்கு மேலே ஒரே ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஸ்க்ரூவைத் தேடுகிறவள் மாதிரி மேசைக்குக் கீழே குனிந்துகொண்டாள். நிறைய நேரம் தேடினாள்.

அவள் போன பிறகுதான் யோசித்தான். முதல் நாள் வாய்க்கு வாய் அண்ணா என்றாள். இன்றைக்கு ஒரு அண்ணா கூட வரவில்லையே... கோபமா? மறந்துவிட்டாளா? இல்லை... இல்லை, அதெல்லாம் இருக்காது.

அன்று சாயந்திரமே நீலம் வந்தது.

"தம்பி" என்று லாரிக்குள்ளிருந்து சிரித்தார் அன்புசெல்வன். வாரம் நான்கு லோடு அடிக்கிற டிரைவர். "அந்தப் பொண்ணு இருந்தா உன் பொட்டி பத்திரமா கீது. அது போயிட்டா படுத்துக்குது. நோவு பொட்டிக்கா, உனக்கா?"

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அந்தப் பேச்சு கேண்டீனுக்குப் போய், அங்கிருந்து துளசிராமன் காதுக்கும் போனது. மூன்றாவது தடவை செண்பகம் வந்தபோது அவர் கேபினிலேயே நின்றிருந்தார்.

"தா பாரும்மா. நீ வந்தா ஓடுது, நீ போனா வுழுது. இது இன்னா கூத்துன்னு எனக்கு தெரியணும். தப்பு மிஷின் மேலயா, ஆள் மேலயா? சாயந்தரத்துக்குள்ள எழுதி கையெழுத்து போட்டு குடு. ஆள் மேலன்னா இவன் நாளைக்கி யார்டுக்கு போய்டுவான். மிஷின் மேலன்னா இன்னா தப்புன்னு எழுது. ரெண்டும் தெரியலன்னா நாங்க வேற கடைய பாத்துக்கறோம்."

அவர் போய்விட்டார். கூரையில் மழை. உள்ளே இரண்டு பேர்.

"இந்த மில்லு போச்சின்னா எங்க ஓனரு என்னையும் வர வேணாம்னு சொல்லிட்டாரு" என்றாள் செண்பகம், அவன் முகத்தைப் பார்க்காமல். "கிராஷ் ஆனா ஏன் ஆச்சின்னு உள்ளயே எழுதி வெக்கும். இதுல அதுவும் காலியா கீது. நெஜத்த சொல்லுங்க. நான் போனப்பறம் நீங்க எதனா பண்றீங்களா?"

"நானா? நான் இன்னா மேடம் பண்ணப் போறேன்..."

"சரி. நீலமா வரப்ப எழுத்து வரும்ல. இன்னா போட்டிருந்துச்சி?"

"பாக்கல."

"பதினோரு வாட்டி வந்திருக்கு. ஒரு வாட்டி கூடவா?"

"பாக்கல மேடம்."

"பொய் சொல்றீங்க." அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவனுக்கு அதிகமாக வலித்தது. "எல்லாரும் சொன்னப்ப நான் நம்பல. நீங்களே இப்ப நம்ப வெக்கறீங்க."

அவன் நெஞ்சுக்குள் ஒரே குழப்பம். சொன்னால் நாற்காலி போகுமா, சொல்லாவிட்டால் போகுமா... நாற்காலி போனால் போகட்டும், முதுகு இன்னும் கொஞ்சம் தாங்கும். ஆனால் இவள் முன்னால், இந்தக் கண்களுக்கு முன்னால், எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

அவள் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தாள். தமிழில்தான் எழுதினாள். எதிரே நின்றவனுக்குத் தலைகீழாகத் தெரிந்தது. அவன் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினான். கா... ர... ணம்... தெரி... ய... வில்லை.

அவன் பெயரை அவள் எழுதவில்லை. தன் வேலையைத்தான் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துங்க" என்றான். மேசை டிராயரை இழுத்து, ரப்பர் பேண்டு போட்ட ஒரு காகிதக் கட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தான். வீணாய்ப் போன எடைச்சீட்டுகள், பதினொன்று. ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் பேனாவால் அழுத்தி அழுத்திப் போட்ட சில உருவங்கள். கொக்கி ஒன்று. குடை ஒன்று. கவிழ்த்த குடம் ஒன்று. நெளிந்த பாம்பு ஒன்று.

"இது இன்னா?"

"எழுத்து. எனக்கு இங்கிலீஸ் படிக்கத் தெரியாது மேடம். தமிழே முப்பது வயசுல தான். அதான் பாத்தத அப்படியே வரைஞ்சி வெச்சேன். சீக்கிரம் அணைஞ்சிடும். ஒரு வாட்டிக்கி நாலஞ்சிதான் போட முடியும். அடுத்த வாட்டி வந்தா உட்ட எடத்துலேர்ந்து போடுவேன்." அவன் தலை குனிந்தது. "படிச்சவனா இருந்தா படிச்சி சொல்லியிருப்பான். வரைஞ்சி வெச்சது தெரிஞ்சா, தெரியாதவன்னு தெரிஞ்சிடும்ல... அதான் பாக்கலன்னு சொன்னேன்."

செண்பகம் தரையில் உட்கார்ந்து சீட்டுகளை வரிசையாகப் பரப்பினாள். முதல் சீட்டு, இரண்டாவது, மூன்றாவது... விரலால் தொட்டுத் தொட்டு வாசித்துக்கொண்டே போனாள். கடைசி மூன்று சீட்டுகளுக்கு வந்ததும் விரல் நின்றது. மெல்ல நிமிர்ந்தாள்.

"நான் வரப்பல்லாம் ஒரு ஒயர புடுங்கி வெப்பீங்களே. அது எங்க?"

"எடை ஒயரா? இங்கதான்."

"அதாங்க. கடைசி மூணு சீட்டுல அந்த ஒயரோட புரோகிராம் பேருதான் கீது. அதுதான் வுழ வெக்குது. நான் வந்தா அத கழட்டிடறீங்க. அப்பறம் எப்டி என் கண்ணு முன்னாடி வுழும்?" தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "பத்து நாளா நானும் லூசு மாதிரி வந்து வந்து போறேன்."

அவனுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. ஆனால் அவள் சிரித்துவிட்டாள். அது போதுமாக இருந்தது.

துளசிராமனிடம் அனுமதி வாங்கி ஒயரைச் செருகினார்கள். அன்புசெல்வனின் லாரியை ஏற்றி இறக்கி ஏற்றினார்கள். நான்காவது தடவை திரை நீலமானது. உலகத்திலேயே கம்ப்யூட்டர் விழுந்ததற்குச் சந்தோஷப்பட்ட இரண்டு பேர் அவர்களாகத்தான் இருக்கும்.

"டிரைவர் பழசு. புது அப்டேட்டோட ஒத்துப்போவல" என்றாள் செண்பகம்.

"ஏம்மா, நான் இன்னா பண்ணேன்?" என்றார் வெளியே அன்புசெல்வன்.

"உங்கள இல்லண்ணா. இந்த ஒயரு பேசறத கம்ப்யூட்டருக்கு புரிய வெக்கிற புரோகிராமு. அதுக்குப் பேரும் டிரைவர் தான்."

"அதுக்கும் எங்க பேருதானா... தப்புன்னா எங்க மேல தான்."

புதிய டிரைவரைப் போட்டாள். ஒயர் செருகியபடியே இருபத்தாறு லாரிகள் ஏறி இறங்கின. திரை அசையவில்லை. துளசிராமன் வந்து, அவள் எழுதிக் கொடுத்த தாளை உதடு அசைய வாசித்தார். எடை ஒயரின் பழைய புரோகிராம் தான் காரணம், ஆபரேட்டர் குறித்து வைத்த எழுத்துகளால் கண்டுபிடித்தது என்று இருந்தது.

"ஏன்டா, நீ இங்கிலீஸ்லாம் எழுதுவியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். செண்பகம்கூட, அவன் அப்படியே சொல்லட்டும் என்றுதான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எழுதத் தெரியாது சார். படிக்கவும் தெரியாது. வரைவேன்."

துளசிராமன் அவனை மேலும் கீழும் பார்த்தார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "வரைஞ்சியோ, கிறுக்கினியோ... நீ இங்கயே குந்திக்கோ. வெளிய லாரி நிக்குது பாரு, ஏத்து" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மழை விட்டிருந்தது. கூரையிலிருந்து மட்டும் ஒவ்வொரு சொட்டாக விழுந்தது. செண்பகம் பையை மாட்டினாள். கழற்றினாள். மறுபடி மாட்டினாள்.

"இனிமே வுழாது" என்றாள்.

"தெரியும்."

"நீங்க போன் பண்ண மாட்டீங்க."

"எத சொல்லி பண்றது மேடம்..."

"மொதல்ல இந்த மேடத்த வுடுங்க." அவள் கண்கள் ஒரு நொடி அவன் மேல் நின்று, தரைக்குப் போயின. "ரெண்டாவது வாட்டி கடையில வேற ஆள அனுப்பறேன்னாங்க. நான்தான் கேட்டு வாங்கிக்கினு வந்தேன். மூணாவதும் அப்படித்தான். ஏன் வந்தேன்னு எனக்கே தெரியல அப்ப."

"இப்ப?"

அவள் பையின் வாரை விரலில் சுற்றினாள். காது சிவந்திருந்தது. மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டது எபினேசரின் கை. டன் கணக்கில் இரும்பு தூக்கிய கை.

"செண்பகம்..." பெயரைச் சொல்லவே மூச்சு வாங்கியது. "எனக்கு முப்பத்தினாலு வயசு. நாங்க சர்ச்சுக்கு போறவங்க. படிப்பு எவ்ளோன்னு நீயே பாத்துட்ட. மறைக்க இதுக்கு மேல ஒண்ணும் இல்ல. எனக்கு உன்ன புடிச்சிருக்கு. மொத நாளு நாற்காலியால இடிச்சப்பவே புடிச்சிருக்கு... இத்தினி நாளு இன்னா நோவுன்னே தெரியாம சுத்திக்கினு இருந்தேன்."

அவள் முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள். அழுகையா, சிரிப்பா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

"ஞாயித்துக்கெழம சர்ச்சு முடிஞ்சி ஊத்துக்கோட்டைக்கி வரீங்களா? எங்க ஊட்டுக்கு."

"ஊட்லயும் கம்ப்யூட்டர் கீதா?"

"இல்ல. நைனா கீறாரு. நான் சொல்ற எதுவும் அவருக்குள்ள ஏறல. நீங்க வந்து பேசணும்."

"கோவக்காரரா?"

"மொத வாட்டி தொரத்துவாரு. ரெண்டாவது வாட்டி மூஞ்ச திருப்பிக்கினு குந்திக்குவாரு."

"அப்ப எத்தினி வாட்டிதான் வரணும்?"

செண்பகம் வாசல் வரை போய்விட்டுத் திரும்பினாள்.

"நான் எத்தினி வாட்டின்னு கேட்டா வந்தேன்... சரியாவற வரைக்கும் வாங்க."