கள்ளியின் சுற்றளவு

உருளையில் சுற்றிய தாளில் பேனா முள் அன்றும் கோடு போடாமல் பட்டையாகக் கிறுக்கி வைத்திருந்தது. லோயிஸ் ஹார்கின் தாளைக் கிழித்துக் கசக்கிவிட்டுப் புதியதைச் சுற்றினாள். அந்த வாரத்தில் ஐந்தாவது தாள்.

1938 ஜூலை. அரிசோனாவின் கருங்கல் குன்று ஒன்றின் மேல் இருந்த அந்தப் பாலைத் தாவர ஆய்வு நிலையத்தை மாதக் கடைசியில் மூடப்போகிறார்கள். முப்பது வருடமாக அங்கே ஒவ்வொரு புதருக்கும் எண் இட்டு, அளந்து எழுதி வந்தார்கள். லோயிஸுக்கு வாய்த்தது ஒரு சாகுவாரோ கள்ளி. சரிவில் தனியாக, கிளையே இல்லாமல் நின்ற நாற்பதடித் தூண். அது நீர் உறிஞ்சிப் பருப்பதையும் வெயிலில் ஒடுங்குவதையும் அதன் இடுப்பில் கட்டிய உலோகப் பட்டை கம்பி வழியே அறைக்குள் இருந்த பேனாவுக்குச் சொல்லும். நாளுக்கு ஓர் ஏற்றம், ஓர் இறக்கம். பதினொரு வருடம் அப்படித்தான் இருந்தது. இப்போது நான்கு நொடிக்கு ஒன்று, அதனால்தான் அந்தக் கிறுக்கல்.

கருவி பழுதுபார்க்கும் ஆன்டோன் பேனா, சுருள்வில், கம்பி எல்லாவற்றையும் மாற்றிவிட்டான்.

"இனி நான் கழட்டாத திருகு என் மண்டையில மட்டும்தாம்மா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவன் வீட்டுக்குப் போய்விட்டான்.

நிலையத் தலைவர் பிரென்டிஸோ சிரித்தார். "பதினோரு வருஷமா ஒரே ஒரு செடி. அதையும் கெடுத்துட்டியே, லோயிஸ்!"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நண்பகல் வெயிலில் தானே இறங்கிப் போனாள். பாறைச் சூடு செருப்பைத் துளைத்து ஏறியது. சில்வண்டுகள் காது அடைக்கக் கத்தின. மழை இன்னும் வராத அந்த மாதத்தில் புதர்கள் மழை வாசனையைக் கக்கிக்கொண்டிருந்தன. கள்ளியை நெருங்கியதும் சில்வண்டுகள் ஒன்றாக நின்றன. பட்டையைச் சோதித்தாள். குறையொன்றும் இல்லை. கள்ளியிலும் அசைவில்லை. ஆறு நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

தாளில் ஆறு நிமிடத்துக்கு நேர்கோடு. அவள் அங்கே நின்றிருந்த ஆறு நிமிடம். அதன்பின் மறுபடி அலை.

முள் ஏறியது. இறங்கியது. அவள் தன்னை அறியாமல் அதனோடு சேர்ந்து மூச்சிழுத்துவிட்டாள். பொருந்தியது. பிரென்டிஸைக் கூப்பிட்டாள்.

"சார், நான் போனப்ப அது நிறுத்திக்கிச்சு. மூச்சை அடக்கிக்கிட்ட மாதிரி."

பிரென்டிஸ் பேனாவைக்கூடப் பார்க்கவில்லை. "வெயில் தலைக்கேறிருச்சு உனக்கு. இதை உன் பதிவுப் புத்தகத்துல எழுது, ஊரே சிரிக்கும். பட்டையை நானே கழட்டிட்டு வரேன். நீ தண்ணியக் குடி."

"போகாதீங்க, சார்."

"முப்பது வருஷமா இந்தக் குன்றுல நடக்கிறவன் நான்."

கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. தடுத்திருக்க வேண்டும். ஆனால் அவர் சொன்ன பேச்சின் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. போய்ப் பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று ஒரு கணம் நினைத்தாள்.

சன்னல் வழியே அவர் இறங்குவது தெரிந்தது. வெள்ளைத் தொப்பி. கறுத்த கற்கள். அவர் கள்ளியருகே போனதும் சில்வண்டுகள் நின்றன. பேனா நின்றது. நேர்கோடு.

அவர் பட்டையில் கை வைத்தார். குனிந்தார். காதை ஒட்ட வைத்தார்.

முள் எகிறியது. தாளின் விளிம்பைத் தாண்டி உருளையைக் கீறியது. ஓர் ஆழமான இழுப்பு.

லோயிஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

சரிவில் யாரும் இல்லை. ஒளிய ஒரு பாறைகூட இல்லை. தொப்பி மட்டும் மல்லாந்து கிடந்தது.

"சார்!"

கள்ளி இம்மியும் அசையவில்லை.

பின்னால் முள் கீறும் ஓசை. திரும்பினாள்.

பெரிய அலை. நிதானமாக. நான்கு நொடிக்கு ஒன்று. அதன் முதுகில் இன்னொன்று. சின்னது. படபடவென்று. மூச்சு முட்டுகிற ஒரு மனிதனுடையது.

பேனா இரண்டையும் வரைந்துகொண்டிருந்தது.