ஐந்தாம் மாடியை எடுத்துவிட்டால்

காலை ஒன்பது பதினேழுக்கு இந்துமதியின் பவுண்டரி இல்லாமல் போனது.

சுவரில் மட்டும். நான்கு கிலோமீட்டர் தள்ளி அந்த இரும்பு வார்ப்பாலையின் உலை எரிந்துகொண்டிருந்தது. நூற்று நாற்பது பேர் மணல் இடித்து அச்சு வைத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே தலைமை அலுவலகமான ஐந்தாம் மாடியின் சுவரில் குழுமத்தின் நான்கு பிரிவுகளும் நான்கு கட்டங்களாகத் தெரிந்தன. பம்பு, மோட்டார், கிரைண்டர், பவுண்டரி. நான்காவது அணைந்தது. கீழே குழுமத்தின் லாபக் கோடு பத்து ஆண்டுகளைக் கடந்து ஓடி, சற்று மேலே ஏறி நின்றது.

“ஏறுதுங்க சார்” என்றாள் பெனிட்டா. இன்மைக்கணியை இயக்குபவள். எந்தச் செய்தியையும் ஒரே குரலில் சொல்வாள்.

இன்மைக்கணி ஒரு வேலைதான் செய்யும். ஒன்றை எடுத்துவிட்டு, மிச்சம் எப்படி வாழும் என்று காட்டும். கடிதம், பேச்சு, சந்தை, மழை எல்லாவற்றையும் படித்த பிறகே காட்டும். கோவையில் ஆறு ஆண்டுகளாக அது பொய்த்ததில்லை. மாநகராட்சி அதைக் கேட்டுப் பதினாறு பேருந்துத் தடங்களை நிறுத்தியது. ஒருவரும் புகார் சொல்லவில்லை.

குழுமத்தின் விதி எளிது. ஒரு பிரிவை எடுத்தால் கோடு ஏறுமானால் அது விற்கப்படும். ஏறாவிட்டால் இருக்கும். ஒரு முறைக்கு ஒன்றைத்தான் எடுப்பார்கள். அது இயந்திரத்தின் வரம்பு அல்ல, குழுமத்தின் வழக்கம்.

“எனக்கும் சங்கடந்தான் அம்மிணி” என்றார் குழுமத் தலைவர் சென்னியப்பன். விற்பனைத் தாள் அவர் முன்னால் இருந்தது. “ஆனா கோடு ஏறுதே.”

“வாங்கறவங்களுக்கு நெலந்தான் வேணுமுங்க சார். அடுத்த மாசமே உலைய அணைச்சிருவாங்க” என்றாள் பவுண்டரித் தலைவி இந்துமதி.

“அது அவுங்க பாடு.”

பம்புப் பிரிவுத் தலைவர் நவநீதன் தொண்டையைச் செருமினார். “இந்தம்மா காஸ்டிங் மாதிரி ஊருக்குள்ள கெடையாதுங்க சார். அத மட்டும் சொல்லீர்றேன்.”

இந்துமதி அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவளுடைய வார்ப்பைப் பற்றிப் பதினோரு ஆண்டுகளாக அவர் சொல்லி வருவது அது. ஒரு தொழிலில் எப்படி ஜெயிப்பது என்பது பிரிவுகளின் கேள்வி. எந்தத் தொழிலில் இருப்பது என்பது ஐந்தாம் மாடியின் கேள்வி. தன் கேள்விக்கு அவள் சரியாகவே பதில் சொல்லி வந்திருந்தாள். இன்று கேட்கப்பட்டது மற்றது.

“என்ற பதிலுரிமையக் கேக்கறனுங்க சார்.”

விற்கப்படும் பிரிவின் தலைவர் இன்னொன்றை எடுத்துப் பார்க்கச் சொல்லலாம். ஒரே ஒரு முறை. அதில் கோடு இன்னும் மேலே ஏறினால் அது போகும், இது தப்பும். போன ஆண்டு விற்கப்பட்ட பிரிவின் தலைவர் பம்பை எடுக்கச் சொன்னார்.

“என்னையக் கை காட்டீராதீங்க தாயி” என்றார் நவநீதன். “போன வருசமே ஒருக்காச் செத்துப் பொழச்சவன்.”

“உங்கள இல்லீங்க. இந்த மாடிய.”

சென்னியப்பன் சிரித்தார். “மாடி பட்டியல்லயே இல்லியே அம்மிணி.”

“சேத்தறதுக்குப் படிவம் இருக்குதுங்க.” பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். நிரப்பிய படிவம்.

அதை நிரப்ப மூன்று வாரம் ஆகியிருந்தது. பிரிவின் பெயர், வாங்குவது, கொடுப்பது, யாருக்கு. நான்கே கட்டங்கள். மூன்றாவதுதான் கடினம். ஐந்தாம் மாடியில் மேசை மேசையாகப் போய்க் கேட்டாள். நீங்கள் பிரிவுகளுக்கு என்ன கொடுக்கிறீர்கள்? “ஒப்புதல்” என்றார் ஒருவர். “ஞாபகக் கடிதம்” என்றார் இன்னொருவர். திட்டத் துறையில் இருந்தவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, “நீங்க என்ன எழுதலாம்னு இருக்கீங்க?” என்றார். எல்லாவற்றையும் அப்படியே எழுதினாள். ஒப்புதலுக்குச் சராசரி நாற்பத்தொரு நாள் என்பதையும்.

கோடு எகிறும் என்று அவளுக்குத் தெரியும். எகிறினால் விதிப்படி போக வேண்டியது இந்த மாடி. அப்புறம் தாளில் கையெழுத்திட யாரும் இருக்கமாட்டார்கள்.

சென்னியப்பன் படிவத்தைப் பெனிட்டாவிடம் தள்ளினார். “ஓட்டு. பாத்துருவோம்.”

நான்காவது மீண்டும் எரிந்தது. சுவரில் ஐந்தாவதாக ஒரு கட்டம் வந்தது. பிறகு அணைந்தது.

பம்பு வளர்ந்தது. மோட்டார் வளர்ந்தது. கிரைண்டர் இரண்டு மடங்கானது. இந்துமதி மூச்சை விட்டாள். எட்டாம் மாதத்தில் பவுண்டரி மங்கியது. பத்தாம் மாதத்தில் அணைந்தது. கோடு தொடங்கிய உயரத்திலேயே நின்றது.

“ஏறலீங்க. எறங்கவும் இல்லீங்க” என்றாள் பெனிட்டா. “மத்த மூணும் சேத்தத, வுழுந்த பவுண்டரியோட கடனும் நட்டமும் தின்னுருச்சு.”

“எதுக்கு வுழுகுது?” இந்துமதியின் குரல் உயர்ந்தது.

“மாடியோட ஏழாம் நம்பர் ஆணைங்க. பம்புக்கு வேண்டிய காஸ்டிங்க உள்ளயேதான் வாங்கோணும். மாடி போனா ஆணை போயிருது. மூணாம் மாசம் பம்புக்காரங்க வெளிய வாங்கறாங்க.”

அந்த ஆணையை அவள் படிவத்தில் எழுதவில்லை. மறைக்கவில்லை. தோன்றவே இல்லை. வார்ப்பு நன்றாக இருக்கிறது, வாங்குகிறார்கள் என்று இருந்துவிட்டாள்.

“ஏனுங், இப்பத்தான சொன்னீங்க, ஊருக்குள்ள கெடையாதுன்னு?”

நவநீதன் மேசையைப் பார்த்தார். “நெசந்தானுங்க. ஆனா குஜராத்துல இருந்து ராஜ்கோட்காரன் அஞ்சு நாள்ல அனுப்பறான். நீங்க பன்னெண்டு.”

“ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானும் அஞ்சுல தந்திருப்பேன்.”

“கேட்டு என்னங்க பண்றது? எப்படியும் உங்ககிட்டத்தான வாங்கோணும்.”

சென்னியப்பன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “பெனிட்டா, வேற என்னத்தக் கண்டுபுடிச்சுது? இந்த மாடி பண்ற வேலையில?”

“வேற ஒண்ணும் இல்லீங்க சார். பவுண்டரியத் தாங்கறது ஒண்ணுதான்.”

“அத வித்துட்டா?”

“அடுத்த வருசம் யாராச்சும் மாடிய எடுக்கச் சொன்னா, கோடு ஏறுமுங்க.”

அவர் விற்பனைத் தாளை நான்காக மடித்தார். இழுப்பறையைத் திறந்து உள்ளே போட்டு மூடினார்.

“பவுண்டரி இருக்கட்டும் அம்மிணி.”

வந்த காரியம் முடிந்தது. நூற்று நாற்பது பேர் நாளையும் மணல் இடிப்பார்கள். இந்துமதி எழவில்லை.

“ஏழாம் ஆணைய எடுத்துருங்க சார்.”

“என்ன?”

“ஒரு வருசம் குடுங்க. அஞ்சு நாள்ல அனுப்பறேன். வேணுமுன்னா நாலுலயும் அனுப்பறேன். நவநீதன் சார் ராஜ்கோட்டையும் பாக்கட்டும், என்னையும் பாக்கட்டும். பிடிச்சு வாங்கட்டும். நான் அப்படி நிக்கோணும்.”

நவநீதன் நிமிர்ந்து பார்த்தார். “நாலு நாள்னா நான் எதுக்குங்க அக்கட்ட போறேன்?”

“அதெப்புடி எடுக்கறது?” என்றார் சென்னியப்பன்.

“ஒரு கையெழுத்துதானுங்க.”

“அந்த ஆணைய எடுத்துட்டா இந்த மாடிக்கு என்ன வேலை அம்மிணி?” குரல் மிகவும் கனிவாக இருந்தது. “நீ நிக்கறது உன்ற இஷ்டம். ஆனா நாங்க புடிச்சுட்டுத்தான் இருப்போம். பன்னெண்டு நாளே இருக்கட்டும்.”

அவள் சுவரைப் பார்த்தாள். ஐந்து கட்டங்களும் மீண்டும் எரிந்தன. நான்காவதும் ஐந்தாவதும் பக்கத்துப் பக்கத்தில்.

இன்மைக்கணி ஒரு முறை ஒலித்தது. பெனிட்டா திரையைப் படித்தாள். அதே குரலில் கேட்டாள்.

“ரெண்டையும் சேத்து எடுத்துப் பாக்கட்டுமான்னு கேக்குதுங்க சார். என்ன சொல்லட்டும்?”