கீவ் செல்லும் பயணிகளின் கவனத்துக்கு

கூரை ஓட்டை வழியே இரவெல்லாம் கொட்டிய பனி, விமான நிலையத்தின் புறப்பாட்டுக் கூடத்தில் எல்லாவற்றையும் மூடியிருந்தது. சரிந்து கிடந்த கம்பிகள், டிக்கெட் கவுண்டர், யாரோ விட்டுப்போன பெட்டி, எல்லாமே வெள்ளை. நாற்காலிகளில் மட்டும் ஒரு பொட்டுப் பனி இல்லை.

ராயிசா அதைப் பார்த்தாள். மகளிடம் சொல்லவில்லை.

இருபத்தாறு வருடம் இந்தக் கூடத்தில் விமானங்களை அறிவித்தவள் அவள். நாளுக்குப் பதினாலு விமானம் என்றிருந்தது ஐந்தாகி, கடைசியில் செவ்வாய்தோறும் கீவுக்கு ஒன்று என்றாகி, போன மே மாதம் போர் வந்ததும் அதுவும் நின்றுபோனது. ஊரில் வீடு எரிந்த பிறகு அவளுக்கும் மகள் லெஸ்யாவுக்கும் இங்கே நிலவறையில்தான் குடித்தனம். இன்று காலை பத்தரை வரை சுடுவதில்லை என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதற்குள் ரொட்டி வேனில் ஏறிவிட வேண்டும்.

வாசலில் ஹார்ன் அடித்தது. டிரைவர் பங்க்ராத்தின் குரல்.

“ராயிசாக்கா! பாஸ்போர்ட்டுல முத்திரை குத்தினாத்தான் வருவீங்களோ? இன்னும் பத்தே நிமிஷம்!”

“உக்காரு லெஸ்யா. ஒரு நிமிஷம்” என்றாள் ராயிசா.

“குண்டு விழப்போவுது, இப்பவா உன் சாஸ்திரம்? வேன்ல உக்காந்துக்கறேன், சூடாவாச்சும் இருக்கும்.”

“உக்காராம நாம எந்த ஊருக்குக் கிளம்பியிருக்கோம்? உக்காருடி.”

அந்த ஊர் வழக்கப்படி, பயணம் புறப்படுமுன் எல்லோரும் ஒரு நிமிஷம் பேசாமல் உட்கார வேண்டும். மூத்தவர் எழுந்த பிறகே மற்றவர்கள் எழலாம்.

இருவரும் உட்கார்ந்தார்கள். ஒரே இரும்புச் சட்டத்தில் ஐந்து நாற்காலிகள். எங்கோ தகரம் காற்றில் கிறீச்சிட்டது. ஈரச் சுண்ணாம்பும் கருகிய ரப்பரும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. அதனூடே, இந்தக் குளிரில் எப்படி என்று தெரியாமல், காப்பி வாசனை மெல்லத் தவழ்ந்து வந்தது.

சட்டம் தாழ்ந்தது.

மறுகோடி நாற்காலி காலியாகத்தான் இருந்தது. மறுபடி தாழ்ந்தது. பின் வரிசையில் ஒரு முனகல். அதற்குப் பின்னால் இன்னொன்று. யார் யாரோ, மெதுவாக, மரியாதையாக, உட்காரும் சத்தம்.

மே மாதம் கடைசி விமானத்துக்கு வந்த முப்பத்தொரு பேரிடம், “உட்காருங்க, நான் கூப்பிடுறேன்” என்றவள் ராயிசாதான். விமானம் வரவில்லை. குண்டு வந்தது.

துள்ளி எழுந்தாள்.

“வா. லெஸ்யா, வா!”

லெஸ்யா அசையவில்லை. முழங்கால்மேல் இரு கைகள். பார்வை நேரே.

“பெரியவங்க யாரும் இன்னும் எந்திரிக்கலையேம்மா.”

ராயிசா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். கல். இரண்டு கையாலும் இழுத்தாள். கல்.

“அக்கா! நான் போயிடுவேன்!” வேனிலிருந்து பங்க்ராத் கத்தினான்.

எப்படி எழுப்புவது? ஒரே ஒரு வழிதான் அவளுக்குத் தெரியும். கவுண்டருக்கு ஓடினாள். மைக் இல்லை, மின்சாரம் இல்லை. தொண்டை இருந்தது. பழைய குரல் தானாக வந்தது.

“கீவ் செல்லும் பயணிகளின் கவனத்துக்கு. விமானம் தயார். அனைவரும் இரண்டாம் வாயிலுக்கு வரவும்.”

சட்டங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மேலே எழும்பின.

லெஸ்யாவும் எழுந்தாள். ராயிசாவின் நெஞ்சு குளிர்ந்தது. அரைக்கணம்தான்.

லெஸ்யா வேன் பக்கம் திரும்பவில்லை. இரண்டாம் வாயில் ஓடுபாதைக்குத்தான் திறக்கிறது.

“அங்க இல்லடி! லெஸ்யா!”

பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்தபடி, முன்னால் போகிறவரின் குதிகாலை மிதிக்காமல் நடப்பவள்போல், சிறு சிறு அடி வைத்து அவள் வாயிலைத் தாண்டினாள். ராயிசா பின்னாலேயே பாய்ந்தாள். வாசற்படியில் நின்றாள்.

ஓடுபாதை வெறுமையாக இருந்தது.

நேற்றிரவுப் பனியில் ஒரே ஒரு ஜோடிக் காலடி. மகளுடையது. நேராகப் போனது. பதினேழாவது தடம் இடது கால்.

பதினெட்டாவது இல்லை.