கண்ணாடிக்கு எந்தப் பக்கம்?

அலமாரி பூட்டியபடியேதான் இருந்தது. உள்ளே இருக்க வேண்டிய ஹார்டு டிஸ்க்தான் இல்லை.

காலை 8.40. ஆராய்ச்சி மாணவி மேல்தட்டைத் தடவினாள், கீழ்த்தட்டைத் தடவினாள், தரையோடு தரையாகப் படுத்து அலமாரிக்கு அடியிலும் பார்த்துவிட்டாள். பிறகு அப்படியே உட்கார்ந்து, "ஐயையோ, போச்சே!" என்று அவள் கத்திய கத்தலில் மாடியிலிருந்து பேராசிரியர் இறங்கி ஓடி வந்தார். ஒரு கையில் டீ, மறு கையில் விடைத்தாள் கட்டு.

"அழாதம்மா. நான் இருக்கேன்ல, அப்புறம் என்ன கவலை?" என்றார். ஐந்து வருடமாக எந்தச் சிக்கலுக்கும் அவர் சொல்கிற வார்த்தை அது. அன்றைக்கும் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

விஷயம் இதுதான். அது 'பொறுப்பான வணிகம்' என்று வாசலில் பலகை மாட்டிய ஆய்வு மையம். தனியாக வாழும் முதியவர்களுக்கென்று ஒரு கம்பெனி 'துணை' என்ற பேசும் கைப்பட்டையை விற்கிறது. மருந்து நேரம் சொல்லும், கீழே விழுந்தால் பிள்ளைகளுக்குப் போன் போடும். வாங்கியவர்கள் அதை எவ்வளவு நம்புகிறார்கள் என்பதே மாணவியின் ஆய்வு. அவர்களைக் குழுகுழுவாக உட்கார வைத்துப் பேசவிட்டுப் பதிவு செய்திருந்தாள். இந்தப் பேச்சு வெளியே போகாது என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துச் சொல்லியிருந்தாள். அதனால் நகல் எடுக்கவில்லை. இருப்பது ஒரே டிஸ்க். பதினொரு மணிக்கு மையத்தின் அறநெறிக் குழு வந்து அதைக் கேட்பதாக ஏற்பாடு.

டிஸ்க் கிடைக்காவிட்டால் ஐந்து வருடப் படிப்பு காலி. அதைவிட மோசம், நம்பிப் பேசிய பெரியவர்களின் அந்தரங்கத்தைத் தொலைத்தவள் என்ற பெயர்.

9.15க்குக் காவல் ஆய்வாளர் வந்தார். குள்ளமான பெண்மணி. கேட்கிற கேள்வி சுருக்கென்று தைக்கும் என்பதால் ஸ்டேஷனில் அவருக்கு 'ஊசியம்மா' என்று பெயர். "இங்க எல்லாருமே ஆய்வாளராம். சம்பளம் நமக்கு மட்டும் ஏன் கம்மி?" என்று ஏட்டிடம் முணுமுணுத்தபடியே நுழைந்தார்.

உரையாடல் அறைக்கு ஜன்னல் கிடையாது. வட்ட மேசை, மூலையில் அந்த அலமாரி, ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்குப் பின்னால் ஒரு சின்ன அறை.

"பேசறவங்களுக்கு இது முகம் பாக்கற கண்ணாடி மேடம்," என்றாள் மாணவி. "பின்னாடி உட்கார்ந்து கவனிக்கறவங்களுக்கு ஜன்னல். அதையும் முன்னாடியே சொல்லிட்டுத்தான் பேச வைப்போம்."

"அலமாரிக்கு எத்தனை சாவி?"

"ஒண்ணு எங்கிட்ட. இன்னொண்ணு ஆபீஸ் மேசையில. யாரு வேணும்னாலும் எடுக்கலாம்."

ஊசியம்மா அந்த அறை விளக்கை அணைத்துவிட்டுப் பின்னறைக்குப் போய் அங்கிருந்த டியூப்லைட்டைப் போட்டார். பழைய சோபா, சின்ன மேசை. கூடவே வந்த ஏட்டு கண்ணாடி முன்னால் நின்று தொப்பியை நேராக்கி, மீசையையும் ஒருமுறை நீவிக்கொண்டார்.

"அழகுதான், வாங்க," என்றார் ஊசியம்மா. சொன்னவர் தானும் ஒரு நிமிடம் அங்கேயே நின்றார்.

முதலில் மாட்டியவர், அறநெறிக் குழுவைப் பார்க்க வந்திருந்த கம்பெனி அதிகாரி. முந்தின நாளும் வந்திருந்தார்.

"டிஸ்க் போனா உங்களுக்குக் கொண்டாட்டம்தானே?"

"இல்லன்னு சொன்னா நம்பவா போறீங்க? ஆனா இந்த கேட்டைத் தாண்டி ஒரு பென்சில்கூடப் போகாது மேடம். ஒரு தடவை புரொஜெக்டர் காணாமப் போச்சாம். அதிலேருந்து யாரா இருந்தாலும் பையைக் கொட்டிக் காட்டிட்டுத்தான் போகணும். நேத்து என் சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்கச் சொன்னாங்க."

"அப்ப டிஸ்க் உள்ளதான் இருக்கு," என்றார் ஊசியம்மா. அடுத்து மாணவியைக் கூப்பிட்டார்.

"நேத்து சாயந்தரம் எங்க இருந்தே?"

"நூலகத்துல. தனியாத்தான் இருந்தேன்."

"சாட்சி இல்ல. சரி, அந்தப் பதிவுல அப்படி என்னம்மா இருக்கு?"

மாணவி தயங்கினாள். "யாருன்னு சொல்ல மாட்டேன். ஒரு அம்மா, வீட்டுக்காரர் செத்துப்போனதைச் சொல்லி அழுதாங்க. உடனே அவங்க கையில இருந்த துணை பேசுச்சு மேடம். நான் இருக்கேன்ல, அப்புறம் என்ன கவலைன்னு. அடுத்த மூச்சுலயே, மசாஜ் நாற்காலி ஒண்ணு வாங்கலாமா, சரின்னு மட்டும் சொல்லுங்கன்னுச்சு. அவங்க அழுதுகிட்டே சரின்னாங்க. அப்புறம் எல்லாப் பதிவையும் போட்டுப் பாத்தேன். சிரிக்கறப்ப அது விக்கறதே இல்ல. குரல் உடையறப்ப மட்டும்தான் விக்குது."

"அடப்பாவிகளா!" என்றார் ஏட்டு.

ஊசியம்மாவின் பேனா அப்படியே நின்றுவிட்டது. "எங்க மாமியார் கையில அதுதான் இருக்கு," என்றார் மெதுவாக. "போன மாசம் வீட்டுக்கு அந்த மாதிரி நாற்காலி ஒண்ணு வந்துச்சு. எதுக்கு அத்தை இதுன்னு நான் சத்தம் வேற போட்டேன்."

பேராசிரியர் கடைசியாக வந்தார். விடைத்தாள் கட்டு மடியில் இருந்தது.

"அதைக் கீழ வைங்களேன் சார்."

"மார்க் விஷயம். பத்திரமா இருக்கணும்." பெருமூச்சு விட்டார். "சொல்ல மனசு வரல மேடம். அவ எனக்குப் பொண்ணு மாதிரி."

"மாதிரிதானே. சொல்லுங்க."

"நேத்து ஆறரை இருக்கும். பின்னறையில உட்கார்ந்து பேப்பர் திருத்திட்டிருந்தேன்."

"லைட்?"

"லைட் இல்லாம எப்படித் திருத்தறது? போட்டிருந்தேன். அப்ப அந்தப் பக்கம் கதவு திறந்துச்சு. அவதான். லைட்டே போடாம, வராந்தா வெளிச்சத்துலயே அலமாரிக்குப் போய் டிஸ்கை எடுத்துட்டுப் போனா."

"அந்த இருட்டுல அவதான்னு எப்படித் தெரியும்?"

"அஞ்சு வருஷமாப் பாக்கறேன், நடை தெரியாதா?"

"அவ உங்களைப் பாக்கலையா?"

பேராசிரியர் சிரித்தார். "எப்படிப் பாப்பா? அவளுக்கு அது கண்ணாடி. இருபது வருஷமா அந்த சோபாவுல உட்கார்ந்து எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன். ஒருத்தர்கூட என்னைப் பாத்தது கிடையாது. சின்னப் பொண்ணு, பாவம். வழக்கு கிழக்குன்னு போகாதீங்க. நான் இருக்கேன்ல, அப்புறம் என்ன கவலை?"

ஊசியம்மா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார்.

வெளியே வந்து மாணவியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் அழவில்லை. "சாரா? எங்க சாரா சொன்னாரு?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள்.

10.20. ஊசியம்மா எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார். "ஸ்டேஷன்லேருந்து ஆள் வருது. பை, மேசை, காகிதக் கட்டு எதையும் விட மாட்டோம். சார், உங்களை எதுக்கு நிக்க வைக்கணும்? நேத்து உட்கார்ந்த மாதிரியே பின்னறையில உட்காருங்க." தாமே டியூப்லைட்டைப் போட்டு, அவரை உட்கார வைத்து, கதவைச் சாத்தினார்.

பிறகு மாணவி, அதிகாரி, ஏட்டு மூவரையும் உரையாடல் அறைக்குள் தள்ளிக் கதவை மூடி விளக்கை அணைத்தார். "யாரும் மூச்சு விடக் கூடாது."

இருட்டில் கண்ணாடி காணாமல் போயிற்று. அந்த இடத்தில் வெளிச்சமான ஓர் அறை. சோபாவில் பேராசிரியர், சட்டைப் பொத்தான் வரை துல்லியமாகத் தெரிந்தார்.

அவர் கதவைப் பார்த்தார். கண்ணாடிப் பக்கம் ஒரு பார்வை பார்த்து மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பிறகு விடைத்தாள் கட்டை அவிழ்த்து, தாள்களுக்கு நடுவிலிருந்து கறுப்பாக ஒரு சின்னப் பெட்டியை உருவி எடுத்தார். சோபாவின் முதுகுச் சந்துக்குள் முழங்கை மறையும்வரை கையை விட்டு அதைத் திணித்தார். கட்டை மறுபடி கட்டி, கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

"கடவுளே!" என்று மாணவி வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊசியம்மா கதவைத் திறந்துகொண்டு பின்னறைக்குப் போக, மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

"சோபாவுக்குள்ள கையை விடுங்க சார். முழங்கை வரைக்கும்."

பேராசிரியரின் முகம் வெளுத்தது. "என்ன... எதைச் சொல்றீங்க?"

"ராத்திரி பஸ்ல போயிருக்கீங்களா? உள்ள லைட் எரிஞ்சா ஜன்னல்ல நம்ம மூஞ்சிதான் தெரியும். வெளிய நிக்கறவனுக்கு நாம பளிச்சுன்னு தெரிவோம். இந்தக் கண்ணாடியும் அதே கதைதான். வெளிச்சம் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்குத்தான் அது கண்ணாடி. எங்க ஏட்டு காலையில இந்தப் பக்கம் நின்னுதான் மீசையை நீவினாரு. இருபது வருஷமும் நீங்க லைட்டை அணைச்சுட்டு உட்கார்ந்திருப்பீங்க, அதனால உங்களுக்கு இது புரியவே இல்ல. நேத்து லைட்டைப் போட்டுகிட்டு இருட்டுல போனவளைப் பாத்தேன்னு சொன்னீங்க பாருங்க, அது நடக்காத காரியம். உங்க மூஞ்சியைத்தான் பாத்திருப்பீங்க."

"நான் எதுக்குத் திருடணும்?"

"கேட்டைத் தாண்டி எடுத்துட்டுப் போக முடியல, அதனால கட்டைக் கீழயே வைக்காம சுத்திட்டிருந்தீங்க. எதுக்குன்னா கேக்கறீங்க?" ஊசியம்மா அதிகாரியின் பக்கம் திரும்பினார். "அழறவங்ககிட்ட துணை சொல்லுதே, அந்த வார்த்தையை எழுதிக் கொடுத்தது யாரு?"

அதிகாரி தலையைக் குனிந்தார். "சார்தான் எங்க ஆலோசகர். அழறப்ப மனுஷன் எதையும் வேண்டாம்னு சொல்ல மாட்டான்னு கண்டுபிடிச்சதும் அவர்தான். வெளிய சொல்லக் கூடாதுன்னு ஒப்பந்தம்."

"காலையிலயே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க கேக்கலையே மேடம்."

"நல்ல பொறுப்பான வணிகம்!" என்றார் ஊசியம்மா. "அறநெறிக் குழுவுல இருக்கறவங்க இவர்கூட வருஷக்கணக்கா வேலை பாத்தவங்க. ஒரு தடவை அந்தப் பதிவைக் கேட்டா போதும், யாரு வார்த்தைன்னு கண்டுபிடிச்சிருப்பாங்க."

மாணவி சுவரில் சாய்ந்து நின்றாள். எத்தனை முறை அந்தப் பதிவைக் கேட்டிருப்பாள்! எல்லா வீட்டிலும் சொல்கிற ஆறுதல்தானே என்று விட்டுவிட்டாள். கண்ணீர் இப்போதுதான் பொலபொலவென்று கொட்டியது.

பேராசிரியர் எழுந்தார். பழக்கதோஷம், வாய் தானாகத் திறந்துகொண்டது. "அழாதம்மா. நான் இருக்கேன்ல..."

"சொல்லுங்க சார்," என்றாள் அவள். "அடுத்து எங்கிட்ட என்ன விக்கப் போறீங்க?"

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவள் சோபாச் சந்துக்குள் கையை விட்டு டிஸ்கை எடுத்து, முந்தானையால் தூசியைத் துடைத்தாள். வாசலில் அறநெறிக் குழுவின் பேச்சுச் சத்தம் கேட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு அவர்களை எதிர்கொண்டு அழைக்கப் போனாள்.

வராந்தாவில் ஊசியம்மா வீட்டுக்குப் போன் போட்டார்.

"அத்தை, கையில கட்டியிருக்கறதைக் கழட்டி டப்பாவுல போட்டு மூடுங்க. ஆமா, இப்பவே. என்னது, அப்புறம் யார்கிட்ட பேசறதா? சாயந்தரம் நான் சீக்கிரம் வந்துடறேன். மாமாவைப் பத்தி எங்கிட்ட சொல்லுங்க."