ஒரு மடக்குத் தண்ணீர்

தண்ணீர் தொண்டைக்குள் போகவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

நாள் முழுக்க விழுப்புரம் வெயிலில் ஷேர் ஆட்டோ ஓட்டிவிட்டு வந்த ஜெகதீசன் சொம்பை அண்ணாந்து பிடித்தான். உதட்டில் பட்டதுமே, உள்ளேயிருந்து யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி கழுத்து இறுகிக்கொண்டது. தண்ணீர் மூக்கு வழியாகத் தெறித்தது.

"இன்னாங்க, தண்ணிகூட எறங்கலியா?" அடுப்படியிலிருந்து அவன் மனைவி கவிதா. "வேற தண்ணியா இருந்தா ஒரு சொட்டு சிந்தியிருப்பீங்களா?"

சிரித்தான். ஆட்டோ நிறைய ஆட்களைச் சிரிக்க வைத்தே பிதுங்கப் பிதுங்க ஏற்றுகிறவன், போயும் போயும் ஒரு சொம்பிடமா தோற்பான்? மறுபடி எடுத்தான். இந்தத் தடவை தண்ணீர் தளும்பிய சத்தத்துக்கே கை வெடவெடத்தது.

கூடத்தில் எட்டாவது படிக்கிற மகள் வெண்ணிலா, பரீட்சைக்குச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். "வைரஸ் வெளியில் உயிரற்ற துகள் போலக் கிடக்கும். உடலின் செல்லுக்குள் நுழைந்துவிட்டால், அந்தச் செல்லை வைத்தே தன்னைப் பல நகல்களாகப் பெருக்கிக்கொள்ளும்."

"ஓசியில தங்கிக்கினு வூட்டுக்காரனையே வேலை வாங்குது. ஒம் மாமன் மாதிரி," என்றான். குரல் வேறு யாருடையதோ போலக் கரகரத்தது.

மின்விசிறிக் காற்று முகத்தில் பட்டதும் தொண்டை மறுபடி சுருண்டது. விசிறியை நிறுத்தினான். நிறுத்தியபின் குழம்பு கொதிக்கிற சத்தமும், ஜங்ஷனில் ரயில் முனகுவதும், பின்கட்டில் குழாய் ஒழுகுவதும் தனித்தனியாக வந்து காதில் உட்கார்ந்தன. சொட்டு. சொட்டு. ஒவ்வொன்றுக்கும் கழுத்து இழுத்தது. ஊறிய எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் துடைத்தான்.

கட்டைவிரலில், எப்போதோ ஆறிப்போன தழும்பு நமநமத்தது.

திண்டிவனம் சவாரி போனபோது மேம்பாலத்தடியில் கிடந்த நாய்க்குட்டியை மகளுக்கென்று தூக்கி வந்தது அவன்தான். அது இருவரையும் கடித்தது. அவனுக்கு விரலில், அவளுக்கு மணிக்கட்டில். "பால்பல்லு. இதுக்குப் போயி ஊசியா? அம்மாகிட்ட சொல்லாத, பேஜாராயிடும்," என்று கண்ணடித்தான். அந்த வாரமே குட்டி நுரை தள்ளிச் செத்தது. முருங்கையடியில் புதைத்துவிட்டு, வளவனூரில் ஒரு வீட்டில் கொடுத்துவிட்டதாக மகளிடம் சொன்னான். "அங்க தெனமும் கறிசோறாம்!"

"வெறிநாய்க்கடி வைரஸ்," வெண்ணிலா வாசித்தாள், "கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியாக மெல்ல மூளைக்கு ஏறும். மாதங்கள்கூட ஆகலாம். அறிகுறி தெரியுமுன் தடுப்பூசி போட்டால் பிழைக்கலாம். தெரிந்தபின்..."

பக்கம் புரண்டது.

அவனுக்குத் தெரிந்தபின். அவளுக்கு இன்னும் முன்.

சொல்ல வேண்டும். கவிதாவிடம். பாப்பாவுக்கு ஊசி. ஜல்தி.

எழுந்தான். வாயைத் திறந்தான். தொண்டை பூட்டிக்கொண்டது. வந்தது பேச்சில்லை. காற்றைக் கிழிக்கிற ஒரு கேவல்.

"அய்ய, போதும் ஒங்க காமெடி," என்றாள் கவிதா, திரும்பாமலே.

வெண்ணிலா சிரித்துக்கொண்டே டம்ளரில் தண்ணீர் மொண்டு வந்தாள். அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். தண்ணீர் அசைந்தது.

டம்ளர் பிடித்த கையின் மணிக்கட்டை, மறுகையால் அவள் சொறிந்துகொண்டே இருந்தாள்.