பறையைப் பற்றி ஐந்து வரி

“அந்த நோட்டைக் காட்டு.”

கேட்டேவிட்டாள் ரக்ஷிதா. கேட்கக் கூடாது என்று அவள் அம்மா பாஞ்சாலி காலையிலிருந்து மூன்று முறை சொல்லியிருந்தார். “வர்றவங்ககிட்ட அதைக் குடு, இதைக் காட்டுன்னு எதையும் கேட்காத. அவங்க கேட்டா பதில் சொல்லு, போதும்.”

வந்தவர்கள் நகரத்தின் மறுகோடியில் இருக்கும் எலெக்ட்ரானிக் சிட்டிக்காரர்கள். ஒரு வேனில் நான்கு பிள்ளைகளும் சௌம்யா ஆன்ட்டியும். அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதில்லை, வீட்டிலேயே படிப்பு. சனிக்கிழமை வந்தால் பாட்டு, ஓவியம், ஆட்டம் எது எங்கே இருக்கிறதோ அங்கே கிளம்பிவிடுவார்கள். இன்றைக்குக் காக்ஸ் டவுன் பக்கம், ரக்ஷிதாவின் தெரு. அவள் அப்பா முனிராஜ் வாசிக்கும் பறை.

நோட்டு வைத்திருந்தவன் சௌம்யாவின் மகன் யுவன். ரக்ஷிதாவைப் போலவே அவனுக்கும் பத்து வயதுதான். நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

“இது என் நோட்டு.”

“உள்ள இருக்கறது எங்க அப்பா.”

யுவனின் பிடி தளர்ந்தது. நோட்டைக் கொடுத்தான்.

முத்து முத்தான எழுத்து. ஐந்தே வரி.

‘பறை வட்டமானது. சத்தம் ஈரத் துணியைத் துவைப்பது போல இருக்கும். அதனால் யாரும் அதிக நேரம் வாசிப்பதில்லை. வாசித்து முடித்ததும் தீயில் போட்டு எரித்துவிடுவார்கள். பாவம்.’

ரக்ஷிதா இரண்டு முறை படித்தாள். சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

“எரிப்பாங்கன்னு யார் சொன்னா?”

“யாரு சொல்லணும்? அதோ.” யுவன் கையைக் காட்டினான். வாசலில் முனிராஜ் அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டுத் தீ மூட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பறை.

ராத்திரி பெய்த மழையில் பறையின் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்திருந்தது. வந்ததும் வராததுமாக “வாசிங்க” என்று சௌம்யா கேட்டார். முனிராஜும் மறுக்காமல் தட்டிக் காட்டினார். ‘தொப்’ என்றது. இப்போதுதான் அதைத் தீயில் காய்ச்சி இறுக்கப் போகிறார்.

சௌம்யா மணியைப் பார்த்தார். “பிள்ளைங்களா, வேன்ல ஏறுங்க. பதினொரு மணிக்கு ஓவியக் கண்காட்சி, அப்புறம் வீணை செய்ற இடம். மீதியை வீடியோல பாத்துக்கலாம்.”

“சரிங்க மேடம்,” என்றார் முனிராஜ்.

ரக்ஷிதாவுக்கு அப்பா மேல்தான் கோபம் அதிகமாக வந்தது. மூன்று தெருவுக்குத் தண்ணீர் வால்வு திறக்கிறவர். பத்து நிமிஷம் தாமதமானால் ஊரே அவரைத் திட்டும். தனக்கென்று பத்து நிமிஷம் கேட்க மட்டும் அவருக்கு வாய் வராது.

“இந்தப் பக்கத்தை என்ன செய்வ?” என்று யுவனிடம் கேட்டாள்.

“நாளைக்கு எங்க அப்பார்ட்மென்ட் ஹால்ல ஒட்டுவோம். எல்லாரும் வந்து படிப்பாங்க.”

எல்லாருமா? ஹால் நிறைய ஆட்கள் நின்று, அப்பா பறையை எரிக்கிறவர் என்று படிப்பார்களா? அந்தத் தாளைக் கிழித்துவிடலாம் போலக் கை துறுதுறுத்தது. கிழிக்கவில்லை. யுவனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பறையிடம் போனாள்.

“தொட்டுப் பாரு. எப்படி இருக்கு?”

“ஜில்லுன்னு, நமத்துப்போன அப்பளம் மாதிரி.”

“நமத்த அப்பளம் நொறுங்குமா?”

“நொறுங்காது.”

“அதான் அப்பா சூடு காட்றார். எரிக்கறதுக்கு இல்ல.”

யுவன் நோட்டைப் பார்த்தான். முகம் சுருங்கியது. “அம்மா, நான் தப்பா எழுதிட்டேன். எனக்கு இதோட நிஜச் சத்தத்தைக் கேக்கணும்.”

வீட்டிலேயே படிப்பு என்றால் அம்மாதானே டீச்சர்? டீச்சர் மணியை இன்னொரு முறை பார்த்தார். பிறகு வாசல் படியில் உட்கார்ந்தார். வேனில் ஏறிய பிள்ளைகளும் இறங்கி வந்தார்கள்.

முனிராஜ் தீக்கு மேல் பறையை மெல்லத் திருப்பித் திருப்பிப் பிடித்தார்.

“பள்ளிக்கூடமே போகமாட்டியா?” ரக்ஷிதா கேட்டாள்.

“மாட்டேன்.”

“வீட்டுப்பாடம்?”

“எல்லாமே வீட்டுப்பாடம்தான்.”

“அய்யோ, பாவம்.”

சௌம்யாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

முனிராஜ் பறையைத் தோளில் மாட்டினார். குச்சி தோலில் விழுந்தது. டண்!

தெருமுனைத் தேவாலயக் கூரையிலிருந்த புறாக்கள் மொத்தமாக எழும்பின. யுவனின் பேனா கீழே விழுந்தது. அடுத்த அடிகள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு தெரு முழுக்க ஓடின. பேனாவை எடுக்க அவன் குனியவே இல்லை.

கண்காட்சிக்கு நேரமாகிவிட்டது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கிளம்பும் முன் யுவன் நான்கு வரிகளைக் கோடு போட்டு அடித்தான். “பறை வட்டமானது. இதாவது சரியா?”

“அது சரி.”

“நாளைக்கு வந்து மீதியைப் படிச்சுப் பாரு. எங்க வீட்ல பியானோ இருக்கு. நான் வாசிப்பேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலை முனிராஜ் ஸ்கூட்டரைத் துடைத்து நிறுத்தினார். ரக்ஷிதா புது நோட்டு ஒன்றை எடுத்தாள். முதல் பக்கத்தில் எழுதினாள்: ‘1. பியானோ மழையில் நமத்துப்போகுமா? 2. அதை எதில் காய்ச்சுவார்கள்? 3. பள்ளிக்கூடமே இல்லாத யுவனுக்குத் திங்கட்கிழமை வருவது எப்படித் தெரியும்?’

“ரக்ஷிதா, அங்க போய் எதையும் கேட்…” என்று அடுப்படியிலிருந்து அம்மா ஆரம்பித்தார்.

அதற்குள் அவள் நோட்டோடு படியிறங்கித் தெருவுக்குப் போயிருந்தாள்.